சண்டை மீனுக்குத் துணை தேடிய கதை

தோட்டத்துக் கிராணிக்கு மீன் தொட்டியைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டென்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். செக்ரோலும் உர மூட்டைக் கணக்கும் எழுதித் தேய்ந்த கை இது. ஆயினும் என் வீட்டு முன்னறையில் நடந்த ஒரு சிறு விஷயம் நெடுநாளாய் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை உள்ளவாறே எழுதிவிட்டால், வேறு ஒரு வீட்டிலாவது நாலைந்து உயிர்கள் வீணே மடியாமல் தப்பும் என்று நினைக்கிறேன்.

2023ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் என் மகளைப் பட்டணத்திற்கு அழைத்துச் சென்றேன். அவளுக்கு அப்போது வயது எட்டு. எங்களுக்கு ஒரே பிள்ளை. மீன் கடை ஒன்றின் வாசலில் ஊறுகாய்ப் புட்டி அளவேயான கண்ணாடிப் புட்டிகளில், புட்டிக்கு ஒன்றாகச் சண்டை மீன்களை அடைத்து வரிசையாய் வைத்திருந்தார்கள். மலாய்க்காரர் இக்கான் லாகா என்பார்களே, அந்த மீன்தான். நீல உடலும், சிவப்புக் கரையிட்ட சேலைத் தலைப்பைப் போன்ற துடுப்புகளுமாக இருந்த ஒன்றை விட்டு அவள் நகர மறுத்தாள். 15 வெள்ளி கொடுத்து வாங்கினேன். புட்டியிலேயே வைத்திருப்பது கொடுமை என்று தோன்றியதால், 16 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள தொட்டி ஒன்றும் வாங்கினேன். கணக்கிட்டுப் பார்த்தால் விளிம்புவரை ஏறக்குறைய 21 லிட்டர். மணலும் கல்லும் போக, 18 தேறும். மீனுக்கு ராஜா என்று அவள் பெயரிட்டாள்.

மூன்றாம் நாளே, “அப்பா, ராஜா தனியாக இருக்கிறான், பாவம். அவனுக்கு ஒரு கூட்டாளி வேண்டாமா?” என்று கேட்டாள்.

என்னைப் பற்றி ஓர் உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். சிறு வயது முதல் ஆங்கிலத்தின் வழியே கல்வி கற்றவன் நான். ஆங்கிலத்தில் நாலு வரி படித்துவிட்டால், அந்த விஷயம் முழுவதும் என் கைக்குள் வந்துவிட்டதாக எண்ணும் வியாதி எனக்கு உண்டு. அன்றும் படித்தேன். சண்டை மீனைப் பிற மீன்களோடு வைக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. எவ்வெவற்றோடு, எவ்வளவு நீரில் என்பது அதற்கடுத்த வரிகளில் இருந்தது. அவற்றைப் படிக்கப் பொறுமை இல்லை. மறு வாரமே கடைக்குப் போய், வண்ண வால்களையுடைய ஆண் குப்பி மீன்கள் நான்கும், குள்ளக் கௌராமி ஒன்றும் கொணர்ந்து தொட்டியில் விட்டேன். “எல்லாம் ஒன்றாய் இருக்கும்” என்று கடைக்காரர் சொன்னதும் எனக்குச் சாதகமாயிற்று.

பொழுது விடியுமுன் இரண்டு குப்பிகள் மிதந்தன. மற்ற இரண்டின் வால்கள் கந்தலாகியிருந்தன. மாலைக்குள் அவையும் போயின. கௌராமி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க, ராஜா செவுள்களை விரித்துக்கொண்டு அதன் முன்னே காவல் நின்றது. அந்தக் கௌராமியும் மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை.

மகள் பள்ளியிலிருந்து வந்து கேட்டபோது, “இரவுக் குளிர் தாங்காமல் செத்துவிட்டன, அம்மா” என்றேன். தெலுக் இந்தானுக்கு அப்பாலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் எந்த இரவில் ஐயா குளிர் வந்தது? அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் ராஜாவுக்குத் தீனி போடும் வேலையை என்னிடமே விட்டுவிட்டாள்.

எங்கள் ஆபீசில் தோட்ட வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். பால்மரக் காலத்திலிருந்தே இங்கே இருப்பவர். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “கிராணி ஐயா, நாங்கள் சிறு பிள்ளைகளாய் இருந்தபோது கால்வாயோரப் புல்லுக்குள் கையை விட்டு இந்த மீனைப் பிடிப்போம். ஒரு குழியில் ஓர் ஆண் இருந்தால், அடுத்தது எட்டத்தில்தான் இருக்கும். அது அதன் வீடு. வீட்டுக்குள் இன்னொருவனைக் கொண்டுபோய்ப் பூட்டினால் அவன் எங்கே ஓடுவான்?” என்றார். சற்றுப் பொறுத்து, “துணை வேண்டுமென்று கேட்டது மீனா, பாப்பாவா?” என்றும் கேட்டார்.

முதற் கேள்விக்கு விடை தேட எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. இரண்டாவதற்கு இன்னும் அதிக காலம் ஆயிற்று.

இம்முறை எல்லா வரிகளையும் படித்தேன். கடையில் விற்கும் இம்மீனின் பூர்விகம் சயாம். 1910ஆம் ஆண்டில் டேட் ரீகன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதற்கு இன்றுள்ள விஞ்ஞானப் பெயரைச் சூட்டினார். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கம் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. அங்கே மனிதர் இதைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வந்தது குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாகவேனும் இருக்கும் என்று 2022இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. மலாயா மீன்களைப் பற்றி 1849இல் நூல் வெளியிட்ட டாக்டர் கேண்டர், சயாமியர் இச்சண்டையில் பொருளை மட்டுமின்றித் தம்மையும் தம் குடும்பத்தையுமே பந்தயம் வைத்தனர் என்றும், மீன் சண்டை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டதில் அரசனுக்கு நல்ல வருமானம் வந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, ராஜாவின் கோபம் அதன் குற்றமன்று. மனிதன் தலைமுறை தலைமுறையாய் ஊட்டி வளர்த்த கோபம் அது. நம் நாட்டுக் கால்வாய்களில் உள்ள இனம் வேறு. 1975இல் அதற்கு இட்ட பெயரின் பொருளே போர்க்குணமற்றது என்பதாம்! அதுவும் தன் எல்லைக்குள் பிற ஆணை விடாது என்பதுதான் வேடிக்கை.

இனித் துணையைப் பற்றி. ராஜாவின் கண்ணில் எது எதிரியாகத் தோன்றும் என்று அறிவதே இதில் பாதி வேலை. நீண்ட துடுப்பும் பகட்டான நிறமும் உடைய எதுவும் அதற்கு இன்னோர் ஆண் சண்டை மீனே. என் குப்பிகள் மாண்டது அதனால்தான். கௌராமி அதற்குப் பங்காளி முறை. இரண்டும் நீருக்கு மேலே வந்து காற்றை நேரே உண்ணும் உறுப்பை உடையவை. பங்காளிச் சண்டை எத்தகையது என்று தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவை ஒரு வகை. எதிர் வகையும் உண்டு: சுமாத்ராப் புலிக் கெண்டை போன்றவை தாமே முந்திக்கொண்டு ராஜாவின் துடுப்பைக் கடித்துத் துண்டாக்கிவிடும். தங்க மீனோ, வெந்நாட்டு மீனுக்குரிய 25 முதல் 28 பாகைச் சூட்டை விரும்பாது. பெருத்து வளர்ந்து நீரையும் கெடுக்கும். இறால் குஞ்சுகளை விட்டால் அவை துணையாகா, உணவாகும்.

அன்றியும் என் முதல் தொட்டியில் மற்றொரு பிழையும் இருந்தது. மீன் கழிவிலிருந்து நஞ்சு பிறக்கிறது. அந்நஞ்சைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ புதுத் தொட்டியில் ஒரே நாளில் ஐந்து உயிர்களைக் கூடுதலாய்க் கொட்டினேன். ராஜா கடிக்காமல் இருந்திருந்தாலும் அவற்றில் எத்தனை பிழைத்திருக்குமோ!

18 லிட்டர் நீருக்கு நேர்மையான விடை ஒன்றே: சண்டை மீன் ஒன்று, வேண்டுமானால் ஒரு நத்தை. நானும் பல மாதங்கள் அவ்வாறே ஒரு வரிநத்தையோடு நிறுத்திக்கொண்டேன். ராஜா ஏங்கவில்லை, நுரைக்கூடு கட்டியது, உண்டது, இலைமேல் படுத்து உறங்கியது. தனிமை அதற்குத் தண்டனையன்று என்பதைக் கண்ணாரக் கண்டேன்.

பின்பு, 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி மலிவாகக் கிடைத்தது. விளிம்புவரை 56 லிட்டர். பழைய பஞ்சில் ஒரு பகுதியைப் புது வடிகட்டியில் சேர்த்து, நீர் வேகமாய்ப் பாயாதபடி அமைத்தேன். நீண்ட துடுப்புள்ள மீன் ஓட்டத்தில் நீந்திக் களைத்துவிடும். ராஜா துள்ளி வெளியே விழாதிருக்க மூடியும், மூச்சு விட மூடிக்குக் கீழே நாலு விரல் இடைவெளியும் விட்டேன். ஜாவா பெரணியும், கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலைகள் சிலவும் இட்டேன். நீர் தேயிலைச் சாற்றின் நிறம் கொண்டது.

முதலில் ரஸ்போரா எட்டு. உடலின் பின்பாதியில் கரிய ஆப்பு வடிவமுள்ள செம்புநிறச் சிறு மீன் இது. 1904இல் டுங்கர் என்பவர் பெயரிட்ட, மலாயாவின் கருந்நீர் ஓடைகளில் வாழும் மீன். கூட்டமாய் இருந்தால்தான் அச்சமின்றி இருக்கும். தொட்டியின் நடுப்பகுதியிலேயே உலவும். அடித்தளத்திற்கு அயிரை இனத்தில் ஐந்து, பாம்புக் குட்டியைப் போல் நெளிபவை. இவற்றை ஆங்கிலத்தில் ‘கூலி’ லோச் என்கிறார்கள். அச்சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நம் பாட்டன்மாரைச் சுட்ட சொல் மீன் மீதும் ஏறிவிட்டதோ என்று ஐயுற்றேன். அப்படியன்று. ஜாவாவுக்கு வந்து 1821இல் இளவயதிலேயே இறந்த கூல் என்ற ஜெர்மானிய இயற்கை ஆராய்ச்சியாளரின் நினைவாக வைத்த பெயராம். எனினும் நான் அயிரை என்றே அழைக்கிறேன்.

வாங்கிய மீன்களை இரண்டு வாரம் வேறு வாளியில் வைத்து நோயின்மை கண்ட பிறகே தொட்டியில் விட்டேன். ராஜாவைக் கடைசியில்தான் கொண்டுவந்தேன். வீடு அதற்கு முன்பே பிறருடையதாய் இருந்தால், வந்தவனுக்கு அதைத் தனதென்று சொல்லத் தயக்கம் உண்டாகும் அல்லவா? பழைய தொட்டியையும் கலைக்கவில்லை. எத்துணை நூல் கற்றாலும் ஒவ்வொரு சண்டை மீனுக்கும் ஒரு குணம். ஒத்துவரவில்லையென்றால் அதே மணி நேரத்தில் பிரித்துவிட வேண்டும். முதல் நாள் இரு முறை செவுளை விரித்து ரஸ்போராக்களைத் துரத்தியது. அவை விலகிப்போயின, விலக இடம் இருந்தது. மூன்றாம் நாள் அவற்றைக் கவனிப்பதையே விட்டுவிட்டது.

அன்றிரவு மகளை அருகில் அழைத்து, “அந்தக் குப்பிகள் குளிரால் சாகவில்லை. அப்பா தெரியாத்தனமாய்த் தவறான மீன்களைச் சின்னத் தொட்டியில் விட்டேன், உன்னிடம் பொய்யும் சொன்னேன்” என்றேன். அவள் நெடுநேரம் கண்ணாடியையே பார்த்திருந்து, “அப்படியென்றால் ராஜா கெட்டவன் இல்லையா, அப்பா?” என்று கேட்டாள். இவ்வளவு காலமும் அக்குழந்தை அதனைக் கொலைகாரனாகவே எண்ணி வந்திருக்கிறாள். என் ஒரு பொய்யால் நேர்ந்தது அது.

முதியவரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணம் போய்விட்டன. வேலை செய்பவர் அயல் நாட்டார். லயத்தில் எஞ்சியிருப்பவை நான்கு தமிழ் வீடுகள். அவற்றுள் டிராக்டர் ஓட்டுபவரின் மகள் என் மகளின் வயதொத்தவள், ஒரே பள்ளி. ஆயினும், “கிராணி வீட்டுப் பிள்ளைக்கு லயத்தில் என்ன வேலை?” என்று என் தாயார் தடுத்து வந்தார். நான் வாய் திறந்து தடுத்ததில்லை. வாய் திறந்து அனுப்பியதும் இல்லை. சண்டை மீனுக்குக் கூட்டாளி தேடி மூன்று முறை பட்டணம் போன நான், இருநூறு கெஜ தூரத்திலுள்ள லயத்திற்கு ஒரு முறையும் நடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். டிராக்டர் ஓட்டுநர் என்னைக் கண்டதும் கணக்கில் ஏதோ தவறு என்று அஞ்சி எழுந்து நின்றார். “மீன் பார்க்கப் பிள்ளையை அனுப்புங்கள், அண்ணே” என்றேன். அவர் மனைவி நம்பாமல் இரு முறை கேட்டார். என் தாயார் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் மாலை, பிள்ளைகள் இருவருக்கும் மைலோ கலக்கி வைத்திருந்தார்.

இப்போது பெரும்பாலான மாலைகளில் இருவரும் தொட்டியின் முன்னே மண்டியிட்டு ரஸ்போராக்களை எண்ணுகிறார்கள். நேற்று ஒருத்தி ஏழு என்றாள், மற்றவள் எட்டு என்றாள். வாதம் முற்றி என்னை நடுவராக அழைத்தார்கள். எண்ணிப் பார்த்தேன், எனக்கும் ஏழுதான் கிடைத்தது. பிறகு அந்தப் பெண்தான், கெத்தாப்பாங் இலைக்குப் பின்னால், ராஜாவின் துடுப்பு நிழலிலேயே அசையாமல் நின்ற எட்டாவதைக் காட்டினாள்.