வீட்டுக்கு நடுவே ஒரு எல்லை

வீட்டிலேயே இருக்கச் சொன்னது அரசு. சித்தூர்க்காரர்களின் வீடோ இரண்டு மாநிலங்களில் இருந்தது.

ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் சித்தூர் ஒரு போர் நடத்துகிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த மன்னனை பகவதியின் துணையோடு ஊரார் விரட்டிய கதையைக் கொண்டாடும் கொங்கன் படைத் திருவிழா அது. வேட்டும் வெடியும் அடங்கிவிட்டால் பகையும் முடிந்தது. மற்ற நாட்களில் கொங்கு நாடு சித்தூருக்குச் சம்பந்தி வீடு.

பாலக்காட்டிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். மலையாளத்தின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இங்கேதான். அதே ஊரின் அரசு கல்லூரியில் தமிழில் முதுகலை படிக்கலாம். தாலுகாவின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய பகுதிகளில் தமிழ்தான் வீட்டுப் பேச்சு. ஆற்றில் ஓடும் தண்ணீரும் தமிழகத்து ஆழியாற்றிலிருந்து வருவது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூருக்குச் சேர வேண்டும்.

எல்லைகள் இவ்வூருக்குப் புதிதல்ல. கொச்சி சமஸ்தானத்தின் ஒரு துண்டாக, சென்னை மாகாணத்துக்குள் தனித்துக் கிடந்த தாலுகா இது. ஆனாலும் கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் மீனாட்சிபுரத்திலும் சோதனைச் சாவடிக்காரர்கள் பார்த்ததெல்லாம் லாரிகளைத்தான். பொள்ளாச்சிக்கு வியாழக்கிழமைச் சந்தைக்குப் போகிறவரை யார் என்று கேட்டவர் இல்லை.

2020 மார்ச் 23 அன்று கேரளம் ஊரடங்கை அறிவித்தது. மறுநாள் நள்ளிரவு முதல் நாடே அடங்கியது. எல்லையைக் கடக்கக் கடும் கட்டுப்பாடு வந்தது. தோப்பு இந்தப் பக்கம், மகளைக் கட்டிக் கொடுத்த வீடு அந்தப் பக்கம், பையன் படிப்பது கோவையில் என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு வீட்டின் ஒரு பாதி பூட்டப்பட்டது போலானது. காய்கறி, பால் வண்டிகளுக்குத் தடை இல்லை. அக்கரைத் தோட்டத்துக் கத்தரிக்காய் வந்துவிடும். அந்தக் கரையிலிருக்கும் தாய்மாமன் வர முடியாது.

மே மாதம் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தபோது ஒரு புதிய சிக்கல். சாலை வழியாகக் கேரளத்துக்குள் நுழைய ஆறு இடங்களே குறிக்கப்பட்டன. பாலக்காடு மாவட்டத்துக்கு வாளையார் மட்டும். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகச் சித்தூர் போய்ச் சேரும் ஆள், வடக்கே கோவைக்குப் போய், வாளையாரில் வரிசையில் நின்று, பாலக்காட்டைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாரில் தவித்து நின்றதும், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதும் அப்போதுதான். உள்ளே வந்த பிறகும் 14 நாள் தனிமை.

மெல்ல மெல்ல வீடு தன்னைப் பழக்கிக்கொண்டது. ரேஷன் கடையில் 17 பொருள்கள் அடங்கிய இலவசப் பை அடுப்பை எரியவைத்தது. ஜூன் 1 முதல் பள்ளிக்கூடம் டி.வி.க்கு இடம் மாறியது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் தயாராயின. கேரளத்துக் கள்ளுக்கடைகளின் முக்கிய ஊற்று சித்தூர்த் தென்னைகள். நாள்தோறும் பாளை சீவாவிட்டால் ஊறல் நின்றுவிடும். கடைகள் மே 13இல் மீண்டும் திறக்கும்வரை மரமேறிகளின் பிழைப்பு அந்தரத்தில் நின்றது.

பழக முடியாதவையும் இருந்தன. சாவுக்கு 20 பேர், கல்யாணத்துக்கு 50 பேர் என்று அரசு எண்ணிக்கை வைத்தது. சீர் கொண்டுவர வேண்டிய மாமனும், கோடித் துணி போட வேண்டிய பிறந்த வீட்டாரும் சாவடிக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? செல்போன் திரையில் முகம் காட்டலாம், தோளைத் தொட முடியாது. சில மைல் தொலைவில் இருந்துகொண்டே துக்கம் விசாரிக்கப் போகாத குறை, இரு கரையிலும் இன்னும் முள்ளாகத் தைக்கிறது.

2021 ஜூனில் வினோதமான ஒரு காட்சியும் அரங்கேறியது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று மக்கள் போராடி, 2004இல் ஓட்டம் நின்ற பிளாச்சிமடை கோகோ கோலா ஆலை, 550 படுக்கைகளோடு கொரோனா சிகிச்சை மையமாகத் திறந்தது. கிணறு கெட்டதென்று பந்தலில் உட்கார்ந்த ஊருக்கு, அதே வளாகம் ஆக்சிஜன் தர முன்வந்தது.

அந்த ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வருவோரிடம் பரிசோதனைச் சான்று அல்லது இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்று கேட்டது தமிழகம். பிறகு அதுவும் ஓய்ந்தது. இப்போது பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறுகிறவரிடம் டிக்கெட் மட்டுமே கேட்கிறார்கள். கதைப்படி சித்தூர் கொங்கனை ஒருமுறை விரட்டியது. அவன் வராத நாட்கள் எப்படியிருக்கும் என்பதை 2020இல்தான் பார்த்தது.