காற்றை மெல்ல இறக்கும் கை

நான் போயிருந்த காலையில், கண்டி நகரத்து வைத்தியசாலை ஒன்றில் விடுதியை ஒட்டிய சிறிய அறையில் பயிற்சி தொடங்கவிருந்தது. மேசையில் மூன்று அளவுகளில் பிரஷர் பட்டிகள், ஸ்டெதஸ்கோப், அளவுக்கோடு போட்ட சிறுநீர்க் குவளை. இரவு வேலை பார்த்தவர்கள் பொறுப்பை ஒப்படைத்த கையோடு, இளம் தாதியர் சிலர் வந்து கூடினார்கள். டெங்கு விடுதியில் பல வருட அனுபவமுள்ள மூத்த தாதி, ஒருவரைக் கதிரையில் உட்காரவைத்து இன்னொருவரிடம் பட்டியை நீட்டினார்.

"எடுங்க, நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

அந்தப் பெண் பட்டியைச் சுற்றினார், காற்றடித்தார், திருகைத் திறந்தார். முள் விறுவிறுவென்று இறங்கியது. "வேகம் கூடிப்போச்சு. திரும்ப எடுங்க." இரண்டாம் முறை செக்கனுக்கு இரண்டு, மூன்று மில்லிமீற்றராக முள் நிதானமாக இறங்கியது. மூத்தவர் தலையசைத்தார்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்கள் கண்டம். அப்போதும் நோயாளி எழுந்து உட்கார்ந்து வீட்டாரோடு பேசிக்கொண்டிருப்பார். பிரஷர் 100/80 என்று காட்டும். மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடைவெளி 20க்குச் சுருங்கிவிட்டால் அது அதிர்ச்சி நிலையின் அடையாளம். காற்றை அவசரமாக விட்டால் மேல் எண் குறைந்தும் கீழ் எண் கூடியும் பதிவாகும். அப்போது இல்லாத அதிர்ச்சி தாளில் ஏறும், வேண்டாத சேலைன் உடம்பில் ஏறும், நுரையீரலில் நீர் சேரும். கைக்குப் பொருந்தாத சிறிய பட்டியோ அழுத்தத்தை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும்.

அடுத்தது விரல் நகம். ஐந்து செக்கன் அழுத்திப் பிடித்து விட்டால், வெளுத்த இடத்தில் இரண்டு செக்கனுக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பிறகு சிறுநீர். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணித்தியாலத்துக்குக் குறைந்தது 25 மில்லிலீற்றர் போக வேண்டும். குவளையைக் கண் மட்டத்தில் பிடித்து வாசிக்க வேண்டும், உடனே எழுத வேண்டும். நான்கு மணித்தியாலக் கணக்கைச் சேர்த்து எழுதினால் சிகிச்சைக்கான நேரம் கைநழுவிப்போகும்.

2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு எனப் பதிவானது. விடுதிகள் நிரம்பி வழிந்த அந்த வருடத்தில் மணிக்கு மணி கட்டில் கட்டிலாகப் போய் அளந்து எழுதியவர்கள் தாதியர்தான்.

கண்டியில் கைப்பழக்கத்தோடு பேச்சுப் பழக்கமும் வேண்டியிருக்கிறது. ஹந்தானை, கலஹா, புசல்லாவை தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்குத் தமிழ்தான் வசதி. தாதியரில் பெரும்பாலோர் சிங்களவர். அதனால் பயிற்சியின் கடைசிப் பகுதியில் அந்த இளம் பெண்கள், "அம்மா, தலை சுத்துதா? வயிறு வலிக்குதா? ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று சொல்லிப் பழகினார்கள். மூன்று கேள்விகளும் டெங்கு முற்றுவதைக் கண்டுபிடிக்கும் கேள்விகள். "இல்ல மிஸ், காலையிலருந்து போகல" என்று ஒரு தாய் சொன்னால், அது உடனே டாக்டரின் காதுக்குப் போக வேண்டிய செய்தி.

கண்டி தாதியர் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமாவிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டப்படிப்பிலும் இவற்றுக்கெல்லாம் அடித்தளம் போடப்படுகிறது. அதன்பின் கை பழகுவது விடுதியில், அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்றுதான். அந்த அனுபவசாலிகள்தான் குறைந்துவருகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அரசாங்கம் வழிவிட்டது. அனுபவமுள்ள தாதியர் பலரும் நாட்டைவிட்டுப் போனார்கள். குடும்பத்தைக் காப்பாற்றப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் விட்டுப்போன இடத்தில் புதியவர்களுக்கு யார் பக்கத்தில் நிற்பது என்பதே இப்போதைய கேள்வி.

நான் பார்த்த பயிற்சி அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. கலந்துகொண்டவர்களில் இருவர் இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றவர்கள். அந்த அரை மணித்தியாலத்தை வேலை நேரமாகவே பட்டியலில் எழுத வேண்டும். சொல்லிக்கொடுக்கும் மூத்தவருக்கு அந்த நேரத்தில் வேறு பொறுப்பு கொடுக்கக் கூடாது. மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும், ஜூன், ஜூலையில் டெங்கு ஏறும். ஒவ்வொரு விடுதியிலும் புதிதாக வந்தவர்களின் கையை ஏப்ரலுக்குள் ஒருவர் நின்று பார்த்து முடித்திருக்க வேண்டும்.