மீதியில்லாக் கணக்கு

975,000 எளிதில் வகுபடும் எண். 2, 3, 5 ஆகியவற்றால் இயன்றவரை வகுத்துச் சென்றால் இறுதியில் 13 என்னும் பகா எண் எஞ்சும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மலையக மக்களை, 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இவ்வெண்ணாகவே கண்டது. இந்தியாவுக்கு 525,000 பேர். இலங்கைக்கு 300,000 பேர். எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். 75,000 பேரை ஒரு பங்காகக் கொண்டால் 7, 4, 2. கூட்டினால் அதே 13. 1974இல் எஞ்சிய இரு பங்கும் நாட்டுக்கொன்றாகப் பகிரப்பட்டன. எட்டும் ஐந்துமாய்க் கணக்கு மீதியின்றி முடிந்தது.

ஆயின், வகுத்தலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அலகுகள் ஒன்றோடொன்று பிணைப்பற்றவையாதல் வேண்டும். லயத்து மாந்தர் அத்தகைய அலகுகள் அல்லர். தாய் எட்டிலும் மகள் ஐந்திலுமாய் அகப்பட்ட குடும்பங்கள், தலைமன்னார் செல்லும் கோச்சிக்காக அட்டன் புகையிரத நிலையத்தில் நின்று அழுதன. 1984இல் கப்பற்சேவை நின்றபோதும் பிரித்தல் முற்றுப்பெறவில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் பங்கு எதனையும் குறிக்கவில்லை. 1964 ஒக்ரோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாய் வாழ்ந்தவரா, அவர்தம் வழித்தோன்றலா என்பதையே வினவியது. வகுத்தலைக் கைவிட்ட பின்னரே விடை கிட்டியது.