ஒண்ணாந் தேதி முதலாளி

மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு முதலாளி ஒளிந்துகொண்டிருக்கிறார். மேனேஜர் லீவு தர மறுக்கும்போது மெல்ல எட்டிப் பார்ப்பார். இன்க்ரிமென்ட் கடிதம் வந்த அன்றைக்கு எழுந்து நின்றே விடுவார். 'போதும்டா சாமி, சொந்தமா ஏதாவது பண்ணிடலாம்!'

அப்படி எழுந்து நின்ற பையன்கள் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. நான் அம்பத்தூரில் அட்டைப்பெட்டி செய்கிறவன். பிஸ்கட்டோ, பம்புசெட்டோ, ஊதுபத்தியோ... யார் எதைத் தயாரித்தாலும் அடைத்து அனுப்பப் பெட்டி வேண்டுமே! 1998-லிருந்து அதில்தான் பிழைப்பு. பெரிய தொழிலதிபர் எல்லாம் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறாமல் சம்பளம் போட்டிருக்கிறேன். அந்த ஒரே தகுதியில் பேசுகிறேன்.

வருகிறவர் முதலில் நீட்டுவது விசிட்டிங் கார்டு. கம்பெனி இன்னும் பிறக்கவில்லை, 'மேனேஜிங் டைரக்டர்' பிறந்துவிட்டார்! அடுத்து ஒரு கேள்வி:

"சார், முதல் எவ்வளவு வேணும்?"

"அது கிடக்கட்டும். உங்ககிட்ட சரக்கு வாங்கறவர் எத்தனை நாள்ல காசு தருவார்?"

பையன் முழிப்பார். "தருவாங்க சார்... பெரிய கம்பெனி!"

பெரிய கம்பெனிதான். அதில்தானே வம்பே.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மாதம் 1 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறீர்கள். செலவு 90,000. லாபம் 10,000. கேட்கச் சுகமாக இருக்கிறதா? வாங்குகிறவர் 90 நாள் கழித்துத்தான் பணம் தருவார். முதல் செக் கைக்கு வருவதற்குள் மூன்று மாதச் செலவு, அதாவது 2,70,000 ரூபாய், உங்கள் பையிலிருந்து போயிருக்கும். 2 லட்சத்தோடு இறங்கியவர் மூன்றாவது மாதமே தரை தட்டிவிடுவார். இத்தனைக்கும் நோட்டுப் புத்தகத்தில் 30,000 ரூபாய் லாபம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்!

ஆர்டர் இரண்டு மடங்கானால்? சந்தோஷம் இரண்டு மடங்கு. முடங்குகிற பணமும் இரண்டு மடங்கு, 5,40,000. இது போக, மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு கொடுப்பவர் பில் போட்ட மறு மாதம் 20-ம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். 'உனக்குக் காசு வந்துதாப்பா?' என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

எனக்கு இது ஒரு தீபாவளியின்போது நன்றாக விளங்கியது. எட்டுப் பேருக்குச் சம்பளமும் போனஸும் தர வேண்டும். பெட்டி வாங்கிய கம்பெனி ஒன்றில் நாலு மாத பாக்கி. போய்க் கேட்டால், "செக் ரெடி சார். கையெழுத்து போடறவர் டூர்ல இருக்கார்." அந்த மனிதர் அந்த வருஷம் பூமியையே சுற்றி வந்திருப்பார் போல! பேப்பர் ஏஜென்ட்டோ ரொக்கம் இல்லாமல் ஒரு ரீல்கூட இறக்க மாட்டார்.

ஷெட்டின் மூலையில் பெட்டி வெட்டியது போக மிஞ்சிய அட்டைத் துண்டுகள் மலையாகக் கிடந்தன. பழைய பேப்பர்க்காரர் வந்தார், எடை போட்டார், எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். முழுசாகப் போதவில்லை. மீதிக்கு வீட்டுக்காரியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. நல்ல பெட்டிகள் நாலு மாதமாகத் தராத பணத்தைக் குப்பை பத்து நிமிஷத்தில் தந்தது. எட்டுப் பேர் வீட்டிலும் பட்டாசு வெடித்தது. எங்கள் வீட்டில் கொஞ்சம் சத்தம் கம்மி, அவ்வளவுதான்.

பையன்களுக்கு அருண் ஐஸ்க்ரீம் ஆர்.ஜி.சந்திரமோகன் கதை மனப்பாடம். "வெறும் 13,000 ரூபாய்ல ஆரம்பிச்சார் சார்!" என்பார்கள். 1970-ல் அது 'வெறும்' இல்லை தம்பி, எண்பது பவுன் நகை வாங்குகிற பணம். குடும்பச் சொத்தை விற்றுக் கிடைத்த தொகை. நான் பார்ப்பது அந்தத் தொகையை அல்ல. 21 வயசில் ராயபுரத்தில் சின்ன இடம் பிடித்து, குச்சி ஐஸ் செய்து, தள்ளுவண்டியில் அனுப்பினாரே, அந்த வண்டியைத்தான். குச்சி ஐஸ் வாங்குகிற பிள்ளை '90 நாள் கழிச்சுத் தரேன்' என்று சொல்லுமா? காலையில் போன சரக்கு சாயங்காலம் சில்லறையாகத் திரும்பிவிடும். பிற்பாடு பெரிய பிராண்டுகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போய் வளர்ந்தார். பால், 'ஆரோக்யா' எல்லாம் அதற்கும் அப்புறம்.

"சட்டம் இருக்கே சார்?" என்பார் விவரமான ஒருவர். இருக்கிறது. 2006-ம் வருஷச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்காரருக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவு அவசியம் செய்துகொள்ளுங்கள். ஆனால் இருக்கிற ஒரே வாடிக்கையாளர்மீது புகார் கொடுப்பது, தாலி கட்டப்போகிற மாப்பிள்ளைமேல் முகூர்த்த நேரத்தில் கேஸ் போடுகிற மாதிரி. தைரியம் வராது.

ஆகவே ஒரே வாடிக்கையாளரை நம்பி இறங்காதீர்கள். விலை பேசும்போதே நாளையும் பேசுங்கள். 'கூடக் கொஞ்சம் தர்றேன், மெதுவா வாங்கிக்கங்க' என்பவரைவிட, இரண்டு ரூபாய் குறைத்து உடனே தருகிறவர் மேல். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்குத் திருப்பிக் கேட்டாலும் தர மாட்டார்கள். அதனால்தான் அவர்களிடம் கொடுக்கச் சொல்கிறேன்.

வேலையை விடுவதற்கு முன் இன்னொன்று. உங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் பில் பாஸ் பண்ணுகிறவரை ஒரு நாள் டீக்கு அழைத்துப் போங்கள். எந்தெந்த பில் ஏன் தூங்குகிறது, யாருடையது மட்டும் டக்கென்று நகர்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தோடு கிடைக்கிற படிப்பு அது, வெளியே காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அப்படியே அந்தக் கட்டில் அம்பத்தூர் அட்டைப்பெட்டி பில் ஏதாவது இருந்தால், கொஞ்சம் மேலே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள் தம்பி. ஒண்ணாந் தேதி வருகிறது!