அரிசி மாதிரி வெள்ளையாக

களப்பணிக்காகக் குட்வில் எஸ்டேட்டில் தங்கியிருந்த மாதங்களைப் பற்றி எழுதவேண்டுமெனப் பலமுறை எண்ணியதுண்டு. ஆய்வேட்டில் இடம்பெற முடியாத ஒரு செய்தியை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். கோழிகளின் குடற்புழுவைப் பற்றியது. என் செவியின் குறையைப் பற்றியதும்கூட.

அந்தமான் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இந்திச் சொற்கள் கலந்து நிற்கும் விதமே என் ஆய்வுப்பொருள். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரை அத்தை என்றே அழைத்தேன். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவருடைய மாமனார் காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். கொல்லையில் பதினான்கு கோழிகள். அவற்றுள் நான்கு, குட்டைக் கால்களும் உருண்ட உடலும் கொண்ட நிக்கோபாரிக் கோழிகள். நிக்கோபார் மக்கள் அவ்வினத்தைத் ‘தக்னியேத் ஹ்யூம்’ என்பர். குட்டைக் கோழி என்பது பொருள். முட்டை விற்ற காசு அத்தையின் கைச்செலவுக்கு. மகனிடம் கேட்காமல் அவர் செலவழிக்கக்கூடிய பணம் அது ஒன்றுதான்.

ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் கோழிகள் வாடத் தொடங்கின. கொண்டைகள் வெளிறின. தீனி எடுத்தும் உடல் தேறவில்லை. நெஞ்செலும்பு கையில் தட்டுப்பட்டது. முட்டைகள் பாதியாகக் குறைந்தன. ஒரு காலை, ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கையில் அத்தை சொன்னார்:

“வயித்துல பூச்சி இருக்கு தம்பி. பீயில அரிசி மாதிரி வெள்ளையாக் கெடக்கு, நெளியுது. இங்க கீடான்னுவாங்க.”

எனக்குப் பெருமகிழ்ச்சி. தமிழின் ‘பூச்சி’ எறும்பையும் வண்டையும் குறிக்கும். வயிற்றில் வாழும் புழுவையும் குறிக்கும். நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி என்னும் பெயர்களில் வருவன பூச்சிகளே அல்ல. இந்தியின் ‘கீடா’வும் அவ்வாறே இரண்டுக்கும் பொது. வங்காளியருக்குக் ‘கிருமி’ என்றால் குடற்புழு. நமக்கோ இன்று அது கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி. மூன்று மொழிகள் புழங்கும் ஓர் ஊரில் இச்சொற்கள் எதிரெதிரே நிற்பதைக் கண்டு, அன்றிரவு குறிப்பேட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அரிசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் போர்ட் பிளேயருக்குப் போய், கோழிக்குப் பூச்சி மருந்து வேண்டும் என்றேன். “மேல் பூச்சிக்கா, வயிற்றுப் பூச்சிக்கா?” என்றார் கடைக்காரர். வயிற்றுக்கு என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பைப்பரசின் கிடைத்தது. காலையில் சற்று நேரம் தண்ணீர் வைக்காமலிருந்து, பின்பு மருந்து கலந்த நீரை வைத்தோம். அடுத்த நாள் எச்சத்தில் விரல் நீளத்தில் வெண்மஞ்சள் நிற உருளைப்புழுக்கள் வந்து விழுந்தன. நான் படித்தவன் என்பதில் அத்தைக்கு ஐயம் தீர்ந்தது, எனக்கும்தான்.

மூன்று வாரங்களுக்குள் கோழிகள் மீண்டும் சோர்ந்தன. ஒன்று இறந்தது. நன்றாக முட்டையிட்ட நிக்கோபாரிப் பெட்டை ஒன்றும் இறந்தபோது அதைப் பையிலிட்டுக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் குடலைக் கீறிக் காட்டினார். உருளைப்புழு ஒன்றுகூட இல்லை. குடற்சுவரில் சிறுசிறு முடிச்சுகள். உட்புறத்தில் தலையைப் புதைத்துத் தொங்கிய தட்டையான வெண்ணாடாக்கள். பின்பு அவர் கேட்டார்: “எச்சத்தில் அரிசி போல ஏதாவது பார்த்தீர்களா?”

பார்த்திருந்தார் அத்தை. சொல்லியும் இருந்தார். அவ்வாக்கியம் நாள், நேரம், பேசியவரின் வயது ஆகியவற்றுடன் என் கணினியில் இருந்தது.

அன்று நான் அறிந்துகொண்டதை, கோழி வளர்க்கும் நண்பர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன். உருளைப்புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுகிறது. வெப்பமும் ஈரமும் இருந்தால் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தொற்றும் நிலையை அடைகிறது. கோழி மண்ணைக் கிளறித் தீனி பொறுக்கும்போது அம்முட்டை நேரே உடலுக்குள் செல்கிறது. மண்ணில் அது பல மாதங்கள் உயிரோடிருக்கும். நாடாப்புழுவின் வழி வேறு. முட்டைகள் நிறைந்த அதன் உடற்கண்ணிகள் அறுந்து எச்சத்தில் விழுகின்றன. அரிசியாகத் தெரிவன அவையே. அவற்றை எறும்போ வண்டோ தின்ன வேண்டும். அந்த எறும்பைக் கோழி கொத்த வேண்டும். அப்போதுதான் அடுத்த கோழிக்குத் தொற்றும். பைப்பரசின் உருளைப்புழுவை வெளியேற்றும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவாண்டல் போன்ற வேறு மருந்து தேவை. எது, எவ்வளவு, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பனவற்றை மருத்துவரே எடை பார்த்துச் சொல்லவேண்டும். கோழி இறந்தால் புதைப்பதற்கு முன் குடலைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எஞ்சிய கோழிகளுக்கு என்ன தேவை என்பது அதில் தெரிந்துவிடும்.

மருந்து மட்டும் போதவில்லை. கூண்டின் அடியிலேயே எறும்புப் புற்று இருந்தது. கூண்டை மேடான இடத்துக்கு மாற்றி, தரையிலிருந்து முழ உயரத்தில் மூங்கில் தளம் போட்டோம். எச்சத்தை நாள்தோறும் அள்ளினோம். குருணையைத் தரையில் இறைக்கும் வழக்கத்தை விட்டுத் தட்டில் வைத்து, மிச்சத்தை உடனே எடுத்தோம். குஞ்சுகளை மூத்த கோழிகளிடமிருந்து பிரித்தோம். உருளைப்புழு இளங்குஞ்சுகளையே அதிகம் வாட்டும். பன்னிரண்டு கோழிகள் பிழைத்தன. முட்டைக் கூடை பழையபடி நிறைய மார்கழி வரை ஆயிற்று. அதுவரை அத்தை தம் சிறுசெலவுகளுக்கு மகனிடம் கேட்க நேர்ந்தது.

அத்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒருமுறை மட்டும், கூண்டைக் கழுவிக்கொண்டே, “நான்தான் சொன்னேனே தம்பி, அரிசி மாதிரின்னு” என்றார். அதை நான் பதிவு செய்யவில்லை.

‘பூச்சி’ என்ற சொல்லின் மீது பழி போடலாம். இருவேறு உயிர்களை ஒரே பெயரில் மறைத்துவிட்டது என்று வகுப்பில் பாடமும் நடத்தலாம். ஆனால் அத்தை அச்சொல்லோடு நிறுத்தவில்லை. நிறம், வடிவம், அசைவு மூன்றையும் சேர்த்தே சொன்னார். ஒரு மருத்துவருக்கு வேண்டிய அனைத்தும் அவ்வாக்கியத்தில் இருந்தன. நான்தான் அதில் என் ஆய்வுக்கு வேண்டிய ஒரு சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஒலிப்பதிவுகளை எழுத்தில் பெயர்த்து முடித்தபின், என்ன சொன்னார்கள் என்பதற்காகவே இன்னொரு முறை கேட்கிறேன். நேரம் இரட்டிப்பாகிறது. நெறியாளர் காரணம் கேட்டார், கோழி என்றேன்.

கோழியின் எச்சத்தில் அரிசி போலத் தென்படும் அதற்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டா? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். பெயரோடு, அவர்கள் அதைப் பற்றிச் சொல்வதையும் முழுமையாக எழுதுங்கள்.