பதினோரு மாதங்கள்

நம் பங்கு இல்லத்து இரும்பு அலமாரியில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. பழுப்பேறிய பதிவேடுகளே உள்ளன. அவற்றுள் ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் 1975ஆம் ஆண்டுக்குரிய ஒரு பக்கத்தில் நம் கை தானாகவே நின்றுவிடும். அப்பக்கத்தில் உள்ள ஒரு தேதியை முன்னிட்டு ஓர் இளைஞர் நம்மிடம் மன்றாடினார். நாம் மறுத்தோம். மறுத்தது சரிதானா என்னும் கேள்வி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மோடு குடியிருக்கிறது.

பொட்டிபுரத்தைச் சுற்றியுள்ள மலையடிவாரச் சிற்றூர்களை அறிந்தவர்களுக்கு இங்குள்ள வாழ்க்கை புரியும். விடியுமுன்னே ஜீப்புகள் போடியிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் ஏறும். மாலையில் ஏல மணத்தோடு அவர்கள் இறங்கி வருவார்கள். முன்னாளில் பல குடும்பங்கள் மேலேயே, தோட்டத்து லயங்களில், மாதக்கணக்கில் தங்கிவிடும். பிள்ளைகளும் அங்கேயே பிறந்தன. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் மலை ஏற நெடுநாள் ஆயிற்று. “ஏலக்காய் பறிப்புத் தொடங்கிய சமயம் பிறந்தவன்” என்பதே தாயின் நாட்காட்டி. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், வலக்கை தலைக்கு மேலாகச் சென்று இடக்காதைத் தொடுகிறதா என்று ஆசிரியர் பார்ப்பார். தொட்டால் வயது நிறைந்தது. உடனே கைக்கு வந்த ஒரு தேதியை எழுதிவிடுவார். அந்தத் தேதியே பிற்காலத்தில் அம்மனிதனுக்குச் சட்டமாகிவிடும்.

திருமுழுக்குப் பதிவேடு அப்படிப்பட்டதன்று. திருமுழுக்கு நாளோடு பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். திருமுழுக்குக்குக் குருவே சாட்சி. பிறந்த நாளுக்கோ பெற்றோரின் சொல்லே சாட்சி. ஆயினும் சில நாள் குழந்தையைக் கையில் ஏந்திச் சொல்லும் சொல், ஐந்தாண்டு கழித்துப் பள்ளி வாசலில் சொல்லும் சொல்லைவிட நம்பத்தக்கது அல்லவா?

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாம் இப்பங்கில் இளங்குருவாக இருந்தபோது, படையில் சிப்பாயாக இருந்த அந்த இளைஞர் விடுப்பில் வந்தார். படைவீரர்களுள் தகுதியுடையோரைத் தேர்ந்தெடுத்து, டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் கல்லூரியில் பயிற்றுவித்து, அதிகாரிகளாக உயர்த்தும் ஒரு வழி உண்டு. அதற்கு வயது இருபது முதல் இருபத்தேழு வரை. நம் பதிவேட்டின்படி அவர் பிறந்தது 1975 ஜூன். இன்னும் இருபத்தேழு நிறையவில்லை. பள்ளிச் சான்றிதழின்படியோ 1974 ஜூலை, வயது கடந்துவிட்டது. இடையே நின்றவை பதினோரு மாதங்கள்.

திருமுழுக்குச் சான்றை அன்றே எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து அவர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். படையில் சேரும்போது ஏற்றுக் கையெழுத்திட்ட தேதியை மாற்றக் கேட்கும் காலம் கடந்துவிட்டது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அப்போது நம்மிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். படையில் சேர்ந்த ஆண்டிலேயே இந்தச் சான்றை அவர் கேட்டுப் பெற்றதாக நாம் ஒரு கடிதம் தர வேண்டும். அப்போதிருந்த பங்குத்தந்தை இறைவனடி சேர்ந்துவிட்டார்; மறுத்துச் சொல்ல யாரும் இல்லை.

“சாமி, பொய்யான தேதியை மெய்யாக்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை. மெய்யான தேதி ஜெயிப்பதற்குச் சின்னதாக ஒரு பொய் கேட்கிறேன்” என்றார்.

குருமடத்தில் புனித அகுஸ்தீனாரின் ‘பொய்யைப் பற்றி’ என்னும் நூலைப் படித்திருக்கிறோம். நல்ல நோக்கத்துக்காகவும் பொய் ஆகாது என்பது அவர் முடிபு. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் திறந்து வைத்த ஒரு சிறு வாயிலையும் நாம் அறிவோம். நாம் எந்த வாயிலில் நிற்கிறோம் என்று அன்றிரவெல்லாம் சிந்தித்தோம். மறுநாள் காலையில் வேறொன்றைக் கேட்டோம்: “தம்பி, சேரும்போது இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாதா?” அவர் தலை குனிந்தார். ஆள்சேர்ப்பு முகாமுக்குச் சென்ற நாளில் அவருக்குக் குறைந்தபட்ச வயதே நிறைந்திருக்கவில்லை. பள்ளிச் சான்றிதழ் கூட்டிக் கொடுத்த பதினோரு மாதங்களே அவரைப் படைக்குள் சேர்த்தன. அதே பதினோரு மாதங்களே அவரை அதிகாரியாக விடாமல் தடுத்தன.

கடிதம் தர மறுத்தோம். அதன்பின் அவர் விடுப்பில் வந்தால் பூசைக்கு வருவார். நம்மைப் பார்க்க மாட்டார். பிறகு நாமும் வேறு பங்குக்கு மாற்றலாகிச் சென்றோம்.

பத்தாண்டுகள் கழித்து, 2012 பிப்ரவரியில், எதிர்பாராத விதமாக அவரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “பேப்பர் பார்த்தீர்களா சாமி? தளபதிக்கே இந்தக் கதிதான்” என்றார்.

நாடெங்கும் அப்போது அதுவே பேச்சு. தரைப்படைத் தளபதி ஜெனரல் வி.கே. சிங் அவர்களுக்குப் படையிலேயே இரண்டு பிறந்த நாள்கள் இருந்தன. பள்ளியிறுதிச் சான்றிதழில் 1951 மே 10. தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வுக்காக 1965இல் நிரப்பிய விண்ணப்பத்தில் 1950 மே 10. பதிவுகளைக் காக்கும் தலைமைப் பிரிவு முன்னதையும், பதவி உயர்வுகளைக் கவனிக்கும் பிரிவு பின்னதையும் வைத்திருந்தன. 1970இல் அதிகாரியாகச் சேர்ந்தவர் 2010 மார்ச் 31இல் தளபதியானபோதும் அந்த முரண்பாடு தீரவில்லை. ஓராண்டு வேறுபாடு என்பது சிறிதன்று. தளபதியின் பதவிக்காலம் மூன்றாண்டு, அல்லது அறுபத்திரண்டு வயது, எது முந்தியதோ அது. 1950 என்றால் 2012 மே மாதத்தோடு ஓய்வு. 1951 என்றால் 2013 மார்ச் வரை பணி. இந்த இடைவெளியைப் பொறுத்தே அடுத்த தளபதி யார் என்பதும் அமையும்.

அவருடைய முறையீட்டை அரசு 2011 டிசம்பர் 30இல் தள்ளுபடி செய்தது. 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பதவியிலிருக்கும் தளபதி ஒருவர் அரசை எதிர்த்து வழக்காடியது அதுவே முதல் முறை. ஆனால் முந்தைய பதவி உயர்வுகளின் போது, 2008இல், 1950ஐ ஏற்பதாக அவரே எழுதிக் கொடுத்த கடிதங்கள் கோப்பில் இருந்தன. பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் ஆர்.எம். லோதா, எச்.எல். கோகலே ஆகியோர் ஒன்றைத் தெளிவுபடுத்தினர். அவர் உண்மையில் பிறந்த நாள் எது என்பதன்று கேள்வி. அரசின் பதிவேடு எதை ஏற்றுக்கொண்டுள்ளது என்பதே கேள்வி. அவருடைய நேர்மையையும் அவர்கள் ஐயுறவில்லை. டிசம்பர் ஆணையை அரசு திரும்பப் பெற்றது. தளபதி தம் மனுவைத் திரும்பப் பெற்றார். மே 31 அன்று ஓய்வு பெற்றார்.

“அப்படியானால் உண்மைக்கு மதிப்பில்லையா சாமி?” என்று நம் சிப்பாய், அப்போது ஹவில்தார், தொலைபேசியில் கேட்டார். அன்று நம்மிடம் விடையில்லை. பின்னர் இது பற்றிய தீர்ப்புகளைத் தேடிப் படித்தோம். நம் தமிழகத்து அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 1993இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஒருவருடைய பிறந்த தேதியைத் திருத்தினால் அது அவரோடு நில்லாது. அவருக்குக் கீழே பதவி உயர்வுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரையும் சங்கிலித் தொடராகத் தாக்கும். ஆகவேதான் பணியில் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் கேள் என்கிறது விதி.

இதைப் படித்தபோதுதான், முன்பு நாம் மறுத்ததற்கு அகுஸ்தீனார் மட்டும் காரணமல்லர் என்பது விளங்கியது. வள்ளுவரின் வாயிலிலும் நமக்கு இடமில்லை. அங்கே நுழைய, விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். டேராடூனில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒருவர் நுழைந்தால் அறியாத ஒருவர் வெளியே நிற்பார். அந்த அறியாதவனின் முகத்தை நாம் பார்த்ததில்லை. நம் கடிதம் அவனுக்கும் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வாறு சொல்வதால், படையில் தேதியைக் கேள்வி கேட்பது முறையன்று என்று யாரும் கொள்ள வேண்டாம். 2020இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்த பின் நிரந்தரப் பணி பெற்ற பெண் அதிகாரிகள், கர்னல் பதவிக்கான தேர்வில் தங்கள் பணி மதிப்பீட்டு அறிக்கைகளுக்கு விதிக்கப்பட்ட கெடு நாளை எதிர்த்து வழக்காடினார்கள். அந்தக் கெடு தன்னிச்சையானது என்று 2023 நவம்பரில் தீர்ப்பாயிற்று. தேர்வுக் குழுவை மீண்டும் கூட்ட ஆணையிடப்பட்டது. அவர்கள் மீது பிறர் சுமத்திய தேதி அது. அதன் நன்மையை ஒரு நாளும் அனுபவித்தவர்கள் அல்லர். வாய் திறக்க வழி கிடைத்த உடனே திறந்தார்கள். நம் சிப்பாயோ ஒரு தேதியின் படியில் ஏறி நின்றுகொண்டு அதே படியைப் பொய் என்றார். ஆயினும் வறுமையில் பதினேழு வயதுப் பையன் ஏறிய படி அது. அவனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பங்குக்கு நாம் மீண்டும் அனுப்பப்பட்டோம். அவர் ஹவில்தாராகவே ஓய்வு பெற்று, அடிவாரத்தில் சிறு கடை வைத்திருக்கிறார். கடந்த ஆண்டு தம் பேத்தியின் திருமுழுக்குக்குக் குடும்பத்தோடு வந்தார். சடங்கு முடிந்து நாம் பதிவேட்டைத் திறந்தபோது அருகில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நகராட்சியின் பிறப்புச் சான்றை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“வாசித்துக்கொண்டே எழுதுங்கள் சாமி” என்றார்.

வாசித்தோம், எழுதினோம். எண்களின் மேல் அவர் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. “அன்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் இன்று நான் பென்ஷன் வாங்கும் ஆபீசர்” என்று சிரித்தார். அச்சிரிப்பில் வருத்தம் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. நாமும் பதில் சொல்லவில்லை.

பெற்றோரே, இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவு, ஆதார் அட்டை, திருமுழுக்குச் சான்று நான்கையும் ஒரே மேசையில் வையுங்கள். தேதி ஒன்றுபோல் இல்லையெனில் இந்த மாதமே திருத்தக் கேளுங்கள். பிள்ளை ஒரு வரிசையில் போய் நின்ற பிறகு கேட்டால், அவனுக்குப் பின்னால் நிற்பவனுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.