கிணத்து மேல இருக்கிற வீட்டை எப்படி விக்கிறது?

வீடு விக்கப் போறவங்க, வாங்கப் போறவங்க ரெண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ குடிச்சுக்கிட்டே படிங்க. நான் வக்கீல் இல்லை. எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு ஆஸ்பத்திரி டாக்டர். ஆனா ஒரு வீட்டை விக்கிற பொறுப்பு தலையில விழுந்தப்போ இதையெல்லாம் படிச்சே ஆகவேண்டியதாப் போச்சு.

முதல்ல ஆஸ்பத்திரியில பார்த்தது. ஐப்பசி மழை நேரத்துல சீலிங் காரை பெயர்ந்து தலையில விழுந்து வர்றவங்க எங்களுக்குப் புதுசு இல்ல. தண்ணி கசிஞ்சு உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடத்தைப் பிடிக்கும். அது உப்பிக்கிட்டே வந்து அடியில இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளும், ஒருநாள் பாளமா விழும். போன வருஷம் அப்படி வந்த ஒரு அக்காவுக்கு ஆறு தையல். வீடு வாங்கி எட்டு மாசம்தான் ஆச்சாம். "வாங்கும்போது சீலிங் பளபளன்னு இருந்துச்சு டாக்டர், புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தாங்க"ன்னாங்க. விழுந்த துண்டை அவங்க வீட்டுக்காரர் மஞ்சப்பையில போட்டுக் கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கம் துருக்கறை. மறுபக்கம் ஒரு விரிசல், அதுக்குள்ள பட்டி அடைச்சு, மேல பெயிண்ட்.

"வித்தவர் மேல கேஸ் போட முடியுமா டாக்டர்?"

காயத்தைப் பதிஞ்சு தையல் போடுறதோட என் வேலை முடிஞ்சது. ஆனா கேள்வி மண்டைக்குள்ளயே நின்னுச்சு. ஸ்ரீவில்லிப்புத்தூர்ல வக்கீலா இருக்கிற பள்ளிக்கூட நண்பன்கிட்ட கேட்டேன். (வெளியூர்க்காரங்களுக்கு: விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது ஸ்ரீவில்லிப்புத்தூர்லதான்.) அவன் சொன்னதும், அப்புறம் நானே படிச்சதும் இதுதான்.

நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. "பார்த்துத்தானே வாங்கினே, இனி உன் பாடு." பாதிதான் சரி. 1882-ம் வருஷத்து சொத்துரிமை மாற்றுச் சட்டம்னு ஒண்ணு, இன்னிக்கும் நடைமுறையில இருக்கு. அதுல 55-வது பிரிவு. சொத்துல முக்கியமான குறை ஒண்ணு இருக்கு, அது விக்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது, சாதாரண கவனத்தோட பார்த்தாலும் அவரால கண்டுபிடிக்க முடியாது. அப்படின்னா விக்கிறவர் அதைச் சொல்லியே ஆகணும். சொல்லாம விட்டா அது மோசடிக் கணக்குல வரும்னு அந்தப் பிரிவே சொல்லுது. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"ங்கிறது பதில் ஆகாது. கேக்காட்டியும் சொல்லணும்.

இதுல எல்லாமே மூணு விஷயத்துல தொங்குது. அவருக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியாதா, பார்த்தாத் தெரியுமா? வாசல் சுவர்ல கை நுழையிற அளவு வெடிப்பு இருந்தா நீங்கதான் பார்த்திருக்கணும். கதவு நிலைக்குள்ள கரையான் இருந்து அது அவருக்கே தெரியாதுன்னா, இந்தப் பிரிவு அவரைப் பிடிக்காது. இது நிறைய பேருக்குத் தெரியாது. தெரியாத குறைக்கு விக்கிறவர் ஜவாப்தாரி ஆகமாட்டார். தெரிஞ்சு மறைச்சார்னு நிரூபிக்க வேண்டியது வாங்கினவர் பாடு.

சுவர்ல விரிசல்னதும் கரிசலைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க ஜில்லாவுல கரிசல் நிறைய. மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். அதனால கரிசல் மேல அஸ்திவாரம் சரியாப் போடாத வீட்ல விரிசல் கோடையில வாயைத் திறக்கும், மழையில மூடிக்கும். ஒழுக்கு அதுக்கு நேர் எதிர், மழையிலதான் தெரியும். டிபி நோயாளி சாயங்காலம் காய்ச்சலோட கிடப்பார், காலையில ஓ.பி.க்கு வரும்போது தெர்மாமீட்டர்ல ஒண்ணுமே இருக்காது. வீடும் அப்படித்தான். ஒருதடவை பார்த்துட்டு அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஒருதடவை வெயில்ல, ஒருதடவை மழையில பாருங்க. முடியலைன்னா பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க. அவங்களுக்குத் தெரியாத வரலாறு கிடையாது.

சரி, இப்போ எங்க கதை.

வன்னியம்பட்டியில எங்க பூர்வீக வீடு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. அப்பா இல்லை. அம்மா என்கூட இருக்காங்க. வீடு பூட்டிக் கிடந்தது. சித்தப்பா மகளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சதும், வித்துடலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம்.

அந்த வீட்டுப் பின்கட்டுல ஒரு கிணறு இருந்துச்சு. நான் சின்னப் பையனா இருக்கும்போதே வத்திப்போச்சு. இடிஞ்ச செங்கல், மண், குப்பைன்னு போட்டு மூடினாங்க. சில வருஷம் கழிச்சு சமையல்கட்டைப் பின்னாடி இழுத்துக் கட்டினப்போ, அதோட பாதி அந்தக் கிணத்து மேல உக்காந்துச்சு. அன்னிக்கு யாரும் அதைப் பெருசா நினைக்கலை. ஆனா மூடின கிணறு சும்மா இருக்காது, உள்ளே போட்டது மக்கி அமுங்கிக்கிட்டே இருக்கும். ரெண்டு மூணு மழைக்கு ஒருதடவை தரை ஒரு விரற்கடை இறங்கும். கொத்தனார் வருவார், மேடாக்கி சிமெண்ட் பூசிட்டுப் போவார். அம்மாவுக்கு அது பழகிப்போச்சு. அடுப்பு மேடை சாய்ஞ்சா அட்டையை மடிச்சு முட்டுக் குடுப்பாங்க.

வாங்க வந்தவர் சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறி ஓட்டுறவர். (நாங்க காயத்துக்குக் கட்டுற துணியில நிறைய அங்கே நெய்யுறதுதான்.) புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தறி வேலை, பேங்க் லோன் போட்டு வாங்குறாங்க. வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு அந்தத் தங்கச்சி சமையல்கட்டுலதான் ரொம்ப நேரம் நின்னுச்சு. நல்ல வெளிச்சம் இருக்குன்னு சொல்லுச்சு.

அதுக்கு முந்தின வாரம்தான் கொத்தனார் வந்து பார்த்திருந்தார். "டைல்ஸ் ஒட்டிருவோம். ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் தெரியாது." சித்தப்பா சரின்னுட்டார். நான் வேண்டாம்னேன். அங்கே ஆரம்பிச்சது.

சித்தப்பாவைக் கெட்டவரா நினைச்சுராதீங்க. அவர் கேட்டதுல நியாயம் இருந்துச்சு. "ஏப்பா, கிணறு இருந்துச்சுன்னு மூலப்பத்திரத்துலயே எழுதியிருக்கு. அவரு வக்கீல வச்சு வாசிச்சா தெரிஞ்சிரும். நாம எதை மறைச்சோம்?" உண்மைதான். பழைய பத்திரம்னா 'கிணறு, மரம், மாவடை மரவடை சகிதம்'னு ஒரு வரி இருக்கும். எங்களோடதுலயும் இருக்கு. சட்டப்படி பார்த்தா இது கனமான வாதம். சாதாரண கவனத்துல கண்டுபிடிக்கக் கூடியதுன்னு சொல்லிடலாமே?

நண்பன்கிட்ட போன் போட்டேன். அவன் சிரிச்சான். "பத்திரத்துல கிணறு இருக்குன்னு இருக்கு. சமையல்கட்டுக்கு அடியில இருக்குன்னு இருக்கா? தரை இறங்குதுன்னு இருக்கா? அதுக்கு மேல நீங்களே டைல்ஸ் வேற ஒட்டப் போறீங்க."

அந்த டைல்ஸ்தான் விஷயமே. சும்மா இருக்கிறது ஒண்ணு, மூடி மறைக்கிறது இன்னொண்ணு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 17-வது பிரிவு, தெரிஞ்ச ஒண்ணைச் செயல்மூலமா மறைக்கிறதை நேரடியா மோசடின்னு சொல்லுது. வழக்குன்னு வந்தா அந்த டைல்ஸ் பில்லும் கொத்தனாரும்தான் முதல் சாட்சி. குறை தெரிஞ்சதாலதானே ஒட்டினீங்கன்னு ஒரே கேள்வி.

வாங்குறவங்களுக்கு இங்கே ஒரு முக்கியமான தகவல். வாயைத் திறந்து கேளுங்க, முடிஞ்சா வாட்ஸ்அப்ல கேளுங்க. "தரை இறங்குமா? ஒழுகுமா? கரையான் வந்துச்சா? மூடின கிணறு, செப்டிக் டேங்க் ஏதும் அடியில இருக்கா?" காரணம் இருக்கு. விக்கிறவர் பேசாம இருந்திருந்தா, "நீ கவனமாப் பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருக்கலாம்"னு அவர் வாதாட இடம் உண்டு. ஆனா நீங்க கேட்டு, அவர் தெரிஞ்சே இல்லைன்னு பொய் சொல்லியிருந்தா, ஒப்பந்தச் சட்டத்தோட 19-வது பிரிவுல அந்தத் தப்பிக்கிற வழி அவருக்கு அடைபடும். ஒரு மெசேஜ், அவ்வளவுதான். ஆனா கேஸோட கனமே மாறிடும்.

வில்லங்கச் சான்று பார்த்துட்டேன், பட்டா பார்த்துட்டேன்னு நிம்மதியா இருக்கிறவங்களுக்கும் சொல்றேன். வில்லங்கச் சான்றுல பதிவான அடமானமும் கிரயமும் தெரியும். விரிசல் தெரியாது. பழைய மூலப்பத்திரத்துல கிணறுன்னு இருந்து, இடத்துல கிணறைக் காணோம்னா, அது எங்கே போச்சுன்னு கேளுங்க.

55-வது பிரிவு சும்மா ஏட்டுச் சுரைக்காயான்னு கேக்கலாம். ஹரியானா நிதிக் கழகம் ஒரு தொழிற்சாலைச் சொத்தை ஏலம் விட்டுச்சு. எடுத்தவர் முன்பணம் கட்டின பிறகுதான், அந்த இடத்துக்குத் தனிப்பாதையே இல்லைன்னு தெரிஞ்சது. மீதியைக் கட்ட மாட்டேன்னார். கழகம் முன்பணத்தைப் பறிமுதல் பண்ணுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, இந்தப் பிரிவைச் சொல்லித்தான் கழகத்துக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு. அரசு நிறுவனத்துக்கே அப்படின்னா நம்மளுக்கு?

பில்டர்கிட்ட புது வீடு வாங்கினா கதை வேற. 2014 ஜூன் 28-ல மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிஞ்சு 61 பேர் இறந்தாங்க. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகர்த்தாங்க, டிவியில பார்த்திருப்பீங்க. அந்த 2016-லதான் ரெரா சட்டம் வந்துச்சு. அதன்படி வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் 30 நாளைக்குள்ள தன் செலவுல சரி செய்யணும். பில்டருக்குத் தெரியுமா தெரியாதாங்கிற கேள்வியே அங்கே கிடையாது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். வீடு கட்டிக் குடுக்கிறது 'சேவை'ன்னு 1993-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. ரெண்டே வருஷத்துல, 1995-ல, எங்களையும் அந்த வளையத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. எல்லாருக்கும் இலவசமா வைத்தியம் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரியை மட்டும் வெளிய விட்டாங்க. அது வேற கதை, இன்னொரு நாள்.

ஆனா தனி ஆள் தன் பழைய வீட்டை விக்கிறதுக்கு ரெரா வராது. பொதுவா சிவில் கோர்ட்டுதான். மோசடியால வாங்கின பத்திரத்தை ரத்து பண்ணக் கேக்கணும்னா, விஷயம் தெரியவந்த நாள்ல இருந்து 3 வருஷம் டைம். அந்த அக்கா வீட்டுக்காரருக்கு நண்பன் சொன்ன யோசனையும் இதையொட்டித்தான்: சீலிங்கை உடனே பூசிராதீங்க, போட்டோ எடுங்க, பெயிண்ட் அடிச்சவர் யாருன்னு விசாரிங்க, தேவைப்பட்டா கோர்ட் மூலமா கமிஷனர் வச்சு இடத்தைப் பார்வையிடச் சொல்லலாம். ஆபத்தான பகுதிக்குக் கீழ மட்டும் யாரும் படுக்காதீங்கன்னு நான் சேர்த்துக்கிட்டேன்.

எங்க வீட்டுக்கு வர்றேன். டைல்ஸ் ஒட்டலை. வாங்க வந்தவரை ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு, சமையல்கட்டுல நிக்க வச்சு, கிணறு எங்கிருந்து எதுவரைக்கும்னு சாக்பீஸால வட்டம் போட்டுக் காட்டினேன். அம்மா கூடவே நின்னு, எந்தெந்த வருஷம் எவ்வளவு இறங்குச்சுன்னு சொன்னாங்க. எனக்கே தெரியாத கணக்கெல்லாம் அவங்ககிட்ட இருந்துச்சு. அந்தத் தங்கச்சி முகம் வாடிப்போச்சு. ஒரு வாரம் போன் இல்லை. சித்தப்பா என்கிட்ட, "உனக்கு மாசச் சம்பளம் வருது, நீ தர்மம் பேசலாம்"னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கல்யாணச் செலவு அவர் தலையில.

எட்டாவது நாள் அவங்க ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவர் பார்த்துட்டு, சமையல்கட்டு மட்டும்தான் பிரச்சனை, மத்த வீடு நல்லா இருக்கு, அதை இடிச்சு முன்னால தள்ளிக் கட்டிக்கலாம்னார். ரெண்டு லட்சம் குறைச்சுக் கேட்டாங்க. ஒன்றரைக்கு முடிஞ்சது. அந்தக் குறைச்சலை என் பங்குல கழிச்சுக்கச் சொன்னேன், சித்தப்பா மாட்டேன்னுட்டார். அது அவர் ரோஷம். பாதிப்பாதின்னு போச்சு.

கிரய ஒப்பந்தத்துல நண்பன் ஒரு வரி சேர்த்தான்: பின்கட்டுச் சமையலறைக்குக் கீழே மூடப்பட்ட கிணறு இருப்பதையும், அதனால் தரை இறங்குவதையும் விற்பவர் தெரிவித்து, வாங்குபவர் அதை நேரில் பார்த்து அறிந்து, அதற்கேற்ப விலை பேசப்பட்டது. இது வாங்குறவருக்குப் பாதுகாப்புன்னுதான் நினைச்சேன். "இது உனக்குத்தான்டா பாதுகாப்பு. நாளைக்கு வீடே உள்ளே போனாலும் கிணத்தைச் சொல்லி உன் மேல யாரும் வர முடியாது"ன்னான்.

பத்திரம் பதிஞ்ச அன்னிக்கு சித்தப்பா கையெழுத்துப் போட்டுட்டு, டீ கூடக் குடிக்காம பஸ் ஏறிட்டார். கல்யாணப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. அம்மா பேரு முதல்ல இருந்துச்சு, என் பேரும் கீழ டாக்டர் பட்டத்தோட இருந்துச்சு. போயிட்டு வந்தோம்.